திருகோணமலை: டச்சு பே வீடா, நிலாவெளி வீடா?

ஆகஸ்ட் லீவுக்கு திருகோணமலை போற சனம் இதைத்தான் கேக்கினம், டவுனுக்குள்ள டச்சு பே எண்ட கடற்குடாவைப் பாத்த மேல்மாடி வீடு எடுக்கிறதா, இல்ல 15 கிலோமீட்டர் தள்ளி நிலாவெளியில எடுக்கிறதா எண்டு. ரெண்டிலயும் நிண்டிருக்கிறன்.

காட்சி: டச்சு பே தான், யோசிக்கவே வேண்டாம். பல்கனியில தேத்தண்ணியோட இருந்தா குடா வளைஞ்சு போய் கோணேஸ்வரர் கோயில் நிக்கிற சுவாமி மலையில முட்டுறது அப்பிடியே தெரியும், விடிய கடல் சிவக்கேக்க கோயில் பக்கம் பாத்துக்கொண்டே இருக்கலாம், எழும்பி உள்ள போக மனமே வராது. நிலாவெளியில நீட்டுக்கு மணல், நேர் கடல். வடிவுதான், ஆனா அந்த வளைவு இல்ல.

குளிக்க: நிலாவெளி. மே தொடங்கி செப்டம்பர் மட்டும் கடல் அமைதி, புறாத்தீவுக்கு வள்ளமும் அங்கயிருந்துதான்.

செலவு: டவுனில மீன் வாங்கி வீட்டிலயே சமைக்கலாம், கோயில், கோட்டை, அங்க திரியிற மான் எல்லாம் நடந்தே பாக்கலாம். நிலாவெளியில எல்லாத்துக்கும் ஓட்டோ.

வயசான அம்மா அப்பாவோட போறியள் எண்டா டச்சு பே. சின்னப் பிள்ளையள் நாள் முழுக்க தண்ணிக்குள்ள நிக்கோணும் எண்டா நிலாவெளி. நவம்பர், டிசம்பர் மழைக்குள்ள போறவை கட்டாயம் டவுனிலயே எடுங்கோ, அப்ப கடலில இறங்கேலாது, பாக்க மட்டுந்தான்.