சத்தமே போடாத ஏரேட்டர்: ஈயக்குட்டையில் மீன் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

பத்தாங் பெர்சுந்தை (இப்போது பெஸ்தாரி ஜெயா) பக்கம் ஈயக்குட்டையில் (பழைய ஈயச் சுரங்கக் குழியில் தேங்கிய குளம்) மீன் வளர்ப்பவர்கள், தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் மெஷின் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது 850 வெள்ளியும் (ரிங்கிட்) நாற்பது திலாப்பியா மீனும். பக்கத்துக் கூண்டுக்காரர் என்னோடு பேசுவதையும் நிறுத்திவிட்டார்.

எங்கள் தாமானுக்கு (குடியிருப்புக்கு) பின்னால் பழைய குட்டை ஒன்று இருக்கிறது. தோட்டத்தை விட்டு வந்த மூன்று பேர் பலகைத்துறை போட்டு, கூண்டு கட்டி மீன் வைத்திருக்கிறோம். விற்பனைக்கு இல்லை, வீட்டுக்குத்தான். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். இரவு முழுக்கப் பாசியும் ஆக்சிஜனை இழுப்பதால் விடிவதற்கு முன்தான் தட்டுப்பாடு அதிகம். பழைய சக்கர ஏரேட்டரைப் போட்டால் படபடவென்று ஒரே சத்தம். கரையோர வீட்டு அங்கிளுக்குச் செம்பனை ஆலையில் ஷிஃப்ட் வேலை. தூங்க முடியவில்லை என்று இரண்டு முறை வந்து சொன்னார். நியாயம்தான்.

சத்தமில்லாத மெஷின் தேடியபோது மாட்டினார் ஒரு வியாபாரி. வெளிநாட்டு ஸ்டாக்கைக் கொள்கலனில் இறக்கி விற்பவர், நம்ம ஆள்தான். "அண்ணே, அமெரிக்கா ஐட்டம், தண்ணிக்குள்ளே தொங்கவிடணும். ஓடுறதே தெரியாது" என்றார்.

உண்மைதான், தெரியவே இல்லை. மாட்டி மூன்று நாளாகியும் அது ஓடவில்லை!

என் மகள் கையேட்டைப் படித்துவிட்டுச் சிரித்தாள். அது ஏரேட்டரே இல்லை. பனிநாட்டு ஏரிகளில் படகுத்துறையைச் சுற்றி ஐஸ் பிடிக்காமல் காக்கும் கருவி. அங்கே குளிர்காலத்தில் ஐஸ் தூண்களைக் கவ்விக்கொள்ளும். நீர்மட்டம் ஏறினால் ஐஸ் தூண்களையும் சேர்த்துத் தூக்கிவிடும். தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகக் கனம் என்பதால் ஐஸுக்கு அடியில் இருக்கும் நீர் கொஞ்சம் வெதுவெதுப்பு. விசிறி அதை மேலே தள்ளி ஐஸைக் கரைக்கும். அதற்கும் அங்கே பக்கத்து வீட்டுத் தொல்லை உண்டாம். கணக்கில்லாமல் ஓடவிட்டால் பக்கத்துக்காரர் நடக்கும் ஐஸும் மெலிந்துபோகும். அதனால் டைமர், எச்சரிக்கைப் பலகை, வெப்பநிலை பார்த்துத் தானே ஓடி நிற்கும் பெட்டி எல்லாம் வைக்கிறார்கள்.

அந்தப் பெட்டிதான் எங்கள் கதை. காற்று உறைபனி அளவுக்குக் குளிர்ந்தால்தான் அது கரண்டு விடும். கேமரன் மலையிலேயே பதிவான மிகக் குறைந்த வெப்பம் 7.8 டிகிரி. எங்கள் குட்டைக்கரையில் அது எந்தக் காலத்தில் ஓடுவது?

போன் போட்டேன். வியாபாரியே வந்து அந்தப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு நேராக இணைத்தார். மோட்டார் தட்டில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தது. நம் கரண்டு 230, 50. அதற்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மரைத் தலையில் கட்டினார். அது வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. அப்படி ஓட்டினால் மோட்டார் சூடேறும். பிறகு வந்த வயர்மேன் பார்த்துவிட்டு, தண்ணீருக்குள் போகிற கரண்டு, கசிந்தால் துண்டிக்கிற சுவிட்சுகூட இல்லை என்று திட்டினார். அதைக் கேட்க நான்தான் லேட்.

ஒரே இரவுதான் ஓடியது. பனிநாட்டில் ஐஸைக் கரைக்க உதவும் அதே வேலை, நம் ஊர் ஆழமான குட்டைக்கு விஷம். நம் ஊரில் அடித்தண்ணீர்தான் குளிர்ச்சி, அதில் ஆக்சிஜனும் கிடையாது. அதை வாரி மேலே கொண்டுவந்துவிட்டது. காலையில் அழுகிய முட்டை நாற்றம், என் கூண்டிலும் பக்கத்துக் கூண்டிலும் வெள்ளை வயிறுகள். அங்கிள் நன்றாகத் தூங்கியிருந்தார், பாவம், நாற்றத்தில்தான் எழுந்தார்.

வியாபாரி பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். "நீங்க சத்தம் இருக்கக்கூடாதுன்னுதானே கேட்டீங்க?" என்கிறார். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி மனு போட்டிருக்கிறேன். 50,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. வியாபாரத்துக்கு வாங்கிய பொருள் என்றால் எடுக்கமாட்டார்கள். ஆனால் என் ரசீதில் 'பம்ப் 1' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. மெஷினின் பெயரும் இல்லை, எதற்கு என்றும் இல்லை. அங்கேதான் இழுக்கும்போல.

அதே கொள்கலனிலிருந்து இன்னும் நாலைந்து பேர் வாங்கியதாகக் கேள்வி. உங்களிடம் இருந்தால் இன்றைக்கே பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மோட்டார் தட்டைப் படமெடுத்து வையுங்கள். எனக்கும் ஒரு செய்தி அனுப்புங்கள்.