ரேபிஸ் ரேபிட் கிட்: இரண்டு கோடு வந்தால் நம்பலாம், ஒரு கோட்டை நம்பாதீர்கள்

நாலைந்து பேரைக் கடித்த நாய் செத்துக் கிடக்கும், ஆய்வகமோ ஒரு நாள் பயணத் தூரத்தில் இருக்கும். கிராமத்தில் வேலை பார்க்கும் கால்நடை மருத்துவர்களுக்கு இது புதிதல்ல. அங்கேதான் செத்த நாயின் மூளையில் ரேபிஸ் (வெறிநோய்) வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் இந்தக் கிட் கைகொடுக்கிறது. மூளைத் துணுக்கைக் கரைசலில் கலந்து சொட்டு விட்டால் பத்து நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும், மின்சாரமும் வேண்டாம், மைக்ராஸ்கோப்பும் வேண்டாம். மண்டையை உடைக்கவும் தேவையில்லை, தலையைப் பிரித்த பிறகு பின்பக்கத் துளை வழியாக ஸ்ட்ராவைச் செலுத்தினாலே மூளைத்தண்டு வந்துவிடும். (முன்தடுப்பூசி போடாதவர்கள் தயவுசெய்து இதில் கை வைக்காதீர்கள்.) எச்சிலிலும் பார்க்கலாம் என்று போட்டிருக்கிறார்கள், நான் பார்ப்பதே இல்லை; எச்சிலில் வைரஸ் விட்டுவிட்டுத்தான் வரும்.

இரண்டு கோடும் விழுந்து பாசிட்டிவ் (ரேபிஸ் இருக்கிறது) என்று வந்தால் அந்தச் சின்னப் பட்டைக்கு இருக்கும் பலம் பெரிது. "சும்மா நக்கத்தானே செய்தது" என்று வீட்டில் இருந்தவர்கள் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறார்கள், இரண்டு ஊசியோடு நிறுத்த நினைத்தவர்கள் மீதியையும் போட்டுக்கொள்கிறார்கள், தெருவில் மற்ற நாய்களுக்குத் தடுப்பூசி போட நாம் போனால் ஆட்களே பிடித்துத் தருகிறார்கள்.

கன்ட்ரோல் கோடு (கிட் வேலை செய்கிறது என்று காட்டும் கோடு) மட்டும் விழுந்து நெகட்டிவ் வந்தால்தான் ஆபத்து. ஜெர்மனியின் ஃப்ரீட்ரிஷ் லோஃப்ளர் நிறுவன ஆய்வாளர்கள் சந்தையில் இருந்த ஆறு கிட்களைச் சோதித்து 2016-ல் வெளியிட்ட முடிவில், இருந்ததிலேயே நல்லது ரேபிஸ் உள்ள மாதிரிகளில் 62 சதவீதத்தைத்தான் கண்டுபிடித்தது, ஒன்று எதையுமே கண்டுபிடிக்கவில்லை. வேறு ஆய்வுகளில் இதைவிட நன்றாகவும் வந்திருக்கிறது, ஆனால் பேட்சுக்குப் பேட்ச் மாறுகிறது. 30 டிகிரிக்கு மேல் போகக்கூடாத பொருள் மே மாத வெயிலில் கூரியர் வண்டியில் கிடந்து வருகிறது. எனக்கு வந்த ஒரு பெட்டியில் கன்ட்ரோல் கோடே சரியாக விழவில்லை, விற்றவரிடம் கேட்டால் பதில் இல்லை. அதனால் எந்த முடிவு வந்தாலும் மிச்ச மாதிரியை ஐஸ் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுங்கள், அங்கே ஃப்ளூரசன்ட் ஆன்டிபாடி சோதனை (வைரஸை ஒளிரவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது) சொல்வதுதான் உறுதி.

கடிபட்டவர் கிட் முடிவுக்காக ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக ஊசிக்குப் போக வேண்டும். நாய் உயிரோடு இருந்தால் இந்தக் கிட்டுக்கு வேலையே இல்லை, ஊசியைத் தொடங்கிவிட்டு நாயை 10 நாள் கட்டிவைத்துப் பாருங்கள்.

விலை பரவாயில்லை. ஆனால் மொத்தப் பெட்டியாகத்தான் தருகிறார்கள், சின்ன மருந்தகத்தில் பாதி காலாவதியாகிவிடுகிறது. ஒன்றிரண்டாகவும், குளிர்ப்பெட்டியில் வைத்தும் அனுப்பினால் இன்னும் பல ஊர்களில் வாங்குவார்கள்.