ஒட்டுப்போர்வை: அளந்த கட்டமா, காகித அச்சா, அளவில்லாத் தையலா?

கையில் ஒரு மாதிரிப் படம் இருக்கிறது. வடிவம் பிடித்திருக்கிறது, நிறம் பிடிக்கவில்லை. அல்லது நிறமெல்லாம் சரி, அவ்வளவு பெரிய போர்வை வேண்டாம். துணித் துண்டுகளை இணைத்து ஒட்டுப்போர்வை தைக்க உட்காரும் பலரும் முதலில் தயங்கி நிற்கும் இடம் இதுதான். மாதிரியை அப்படியே தைத்தால் அது வேறு யாருடைய போர்வையோ போலிருக்கும். நம் விருப்பப்படி மாற்றினால் மூலைகள் பொருந்தாமல் போய்விடுமோ என்ற பயம் வரும்.

தாராளமாக மாற்றலாம். ஆனால் எதை மாற்றலாம், எதுவரை மாற்றலாம் என்பதைத் தைக்கும் முறைதான் தீர்மானிக்கிறது. மூன்று முறைகளை நான் மாற்றி மாற்றித் தைத்துப் பார்த்திருக்கிறேன். அளந்து வெட்டிக் கட்டம் கட்டமாக மெஷினில் இணைப்பது ஒன்று. காகித அச்சின்மேல் துணியை மடித்துக் கையால் கோப்பது இன்னொன்று. அளவே எடுக்காமல் துணி போகும் போக்கில் தைப்பது மூன்றாவது. எது அழகு, எது சுலபம் என்று பலர் கேட்கிறார்கள். எதில் எப்போது முடிவெடுக்க வேண்டியிருக்கிறது என்று கேளுங்கள், உங்களுக்கு ஏற்றது எது என்பது தானே தெரிந்துவிடும்.

கட்டமுறையில் எல்லா முடிவும் துணியில் கத்தரி படுவதற்கு முன்பே எடுத்தாக வேண்டும். 12 அங்குலக் கட்டம், அதற்குள் ஒன்பது சதுரம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சதுரமும் தைத்த பின் 4 அங்குலம் இருக்க வேண்டும். நாலு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் விட வேண்டும் என்பதால் வெட்டுவது நான்கரை அங்குலம். இந்தக் கால் அங்குலம்தான் இந்த முறைக்கு உயிர். ஒரு வரிசையில் 12 சதுரம் என்றால் 11 இணைப்பு. ஒவ்வொரு தையலும் மாகாணி அங்குலம், அதாவது 1/16 அங்குலம், உள்ளே தள்ளிப் போனால் ஓர் இணைப்புக்கு அரைக்கால் அங்குலம் குறைந்துவிடும். வரிசை முடியும்போது ஒன்றேகால் அங்குலத்துக்கும் மேல் காணாமல் போயிருக்கும். அடுத்த வரிசையோடு இழுத்துப் பிடித்துத் தைத்தால் சேர்ந்துவிடும்தான். ஆனால் சேர்ந்த இடம் அலையலையாக எழும்பி நிற்கும், எத்தனை முறை இஸ்திரி போட்டாலும் படியாது.

மாதிரியின் அளவை மாற்றும்போது நேரும் பெரிய தவறு ஒன்று உண்டு. நானும் அதைச் செய்திருக்கிறேன். 12 அங்குலக் கட்டத்தை 9 அங்குலமாகச் சுருக்க வேண்டியிருந்தது. முக்கால் பங்குதானே என்று, வெட்டும் அளவான நான்கரையை முக்காலால் பெருக்கினேன். 3 3/8 வந்தது. எல்லாத் துண்டுகளையும் அந்த அளவில் வெட்டி, முதல் கட்டத்தைத் தைத்து அளந்தால் 9 அங்குலத்துக்கு 3/8 அங்குலம் குறைவு. சுருக்கியிருக்க வேண்டியது தைத்த பின் வரும் அளவை. 4 அங்குலம் 3 ஆகிறது, அதனோடு அரை அங்குலம் சேர்த்து மூன்றரையாக வெட்ட வேண்டும். போர்வை சிறிதானாலும் பெரிதானாலும் தையலுக்கு விடும் ஓரம் மாறாது. சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டி இரண்டு முக்கோணம் எடுப்பதானால், தைத்த பின் வர வேண்டிய அளவோடு 7/8 அங்குலம், நம் கணக்கில் முக்காலே அரைக்கால், சேர்த்துச் சதுரத்தை வெட்டுங்கள். குறுக்காக வெட்டிய அந்த ஓரம் இழுபடும் ஓரம். இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் தேய்க்கக் கூடாது, வைத்து எடுக்க வேண்டும்.

இவ்வளவு கறாரான முறையில் சொந்த ரசனைக்கு இடம் எங்கே இருக்கிறது? நிறைய இருக்கிறது. மாதிரியை மாற்றுவது என்றதும் பலர் வடிவத்தில் கை வைக்கிறார்கள். முதலில் கை வைக்க வேண்டியது எது வெளிர், எது அடர் என்பதில். லாக் கேபின் என்ற பழைய கட்டத்தைப் பாருங்கள். நடுவில் ஒரு சிறு சதுரம், வழக்கமாகச் சிவப்பு. அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள். அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் வெளிர் துணி, மற்ற இரண்டில் அடர் துணி. தைத்து முடித்தால் கட்டம் மூலைக்கு மூலை பாதி பகலும் பாதி இரவுமாகப் பிரிந்து நிற்கும். இப்படி 36 கட்டங்களைத் தரையில் பரப்பிவிட்டு, சிலவற்றை மட்டும் கால்வட்டமோ அரைவட்டமோ திருப்பி வையுங்கள். ஓர் அடுக்கில் உழவுச் சால்போலச் சாய்ந்த கோடுகள் ஓடும். இன்னோர் அடுக்கில் நடுவிலிருந்து வைர வளையங்கள் ஒன்றுக்கு வெளியே ஒன்றாக விரியும். ஒரு துண்டுத் துணிகூடக் கூடவோ குறையவோ இல்லை, போர்வையே வேறாகிவிடும். அளந்து வெட்டும் முறையிலும் கடைசி நிமிடம் வரை திறந்திருக்கும் வாசல் இது. அதனாலேயே முதன்முதலாகத் தைப்பவர்களுக்கு நான் இந்தக் கட்டத்தைத்தான் சொல்கிறேன்.

அப்படி ஒரு போர்வையில் நீலப்பூ போட்ட துணி ஒன்றை அடர் பக்கத்துக்கு எடுத்துக்கொண்டேன். மடியில் வைத்துத் தைக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. தரையில் பரப்பி எழுந்து நின்று பார்த்தபோது, அந்தப் பட்டை வரும் இடமெல்லாம் இருட்டில் கிழிசல் விழுந்ததுபோல் தெரிந்தது. கைபேசியில் கறுப்பு வெள்ளையில் படமெடுத்துப் பார்த்தேன். பூக்கள் நீலம்தான், ஆனால் அவற்றின் பின்புலம் வெள்ளை. பத்தடி தூரத்தில் அது வெளிர் துணி. பதினோரு கட்டங்களில் அந்தப் பட்டையைப் பிரித்தேன். இப்போதெல்லாம் துணியை வெட்டுவதற்கு முன்பே எல்லாத் துணியையும் அடுக்கிவைத்துக் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்துவிடுகிறேன்.

காகித அச்சில் இந்தப் பதற்றம் இல்லை. தடித்த காகிதத்தில் ஒரே அளவாக அறுகோணங்களை வெட்டிக்கொண்டு, துணியை அதன்மேல் மடித்து நூலோட்டி, இரண்டிரண்டாக முகத்தோடு முகம் வைத்து விளிம்பில் நுண்ணிய தையல் போட்டுக் கோத்துக்கொண்டே போகலாம். துணி கோணலாக வெட்டுப்பட்டாலும் பரவாயில்லை, வடிவத்தைக் காகிதம் காக்கிறது. ஆறு பக்கமும் அடைபட்ட பிறகு காகிதத்தை உருவி மறுபடி பயன்படுத்தலாம். இங்கிலாந்தில் 1718 என்று ஆண்டு பொறித்த பட்டு ஒட்டுவிரிப்பு ஒன்று பாதுகாக்கப்படுகிறது. அது காகிதத்தின்மேல் தைத்ததுதான், அந்தக் காகிதங்கள் அதனுள்ளேயே இருக்கின்றன.

இந்த முறையில் ஒவ்வொரு துண்டின்போதும் தனித்தனியாக முடிவெடுக்கலாம். ஒரு பூவைச் சரியாக அறுகோணத்தின் நடுவில் வருமாறு வெட்டலாம். நாற்பதாவது துண்டில் மனம் மாறிப் பச்சைக்குத் தாவலாம். போதும் என்று தோன்றுகிற இடத்தில் நிறுத்தி அதையே தலையணையுறையாக்கலாம். விலை நேரம்தான். பக்கம் 1 அங்குலமுள்ள அறுகோணத்தின் பரப்பு சுமார் 2.6 சதுர அங்குலம். 72 அங்குலச் சதுரப் போர்வைக்கு ஏறத்தாழ 2,000 துண்டுகள் வேண்டும். துண்டுக்கு மூன்று விளிம்பு என்று கணக்கிட்டால் 6,000 அங்குலம், அதாவது 500 அடி கைத்தையல். குறிப்பிட்ட நாளுக்குள் யாருக்காவது பரிசளிக்க வேண்டுமென்றால் இந்தப் பக்கம் வராதீர்கள். பயணத்திலும் காத்திருப்பு நேரத்திலும் கைக்கு வேலை வேண்டும் என்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

மூன்றாவது முறைக்கு மாதிரியே கிடையாது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்து ஓடும் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் நைந்த வேலையுடுப்புகளிலிருந்து தைத்த போர்வைகள் 2002-இல் அருங்காட்சியகங்களில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006-இல் அமெரிக்க அஞ்சல்தலைகளிலும் வந்தன. அவர்கள் ‘ஹவுஸ்டாப்’ என்று சொல்லும் வடிவமும் நடுவில் ஒரு துண்டு, சுற்றிலும் பட்டைகள்தான். லாக் கேபினின் உறவு என்று பார்த்ததும் தெரியும். ஆனால் பட்டை ஒரு முனையில் அகலம், மறுமுனையில் குறுகல். கோடு சாய்கிறது, வளைகிறது. தைத்த பிறகு பிடிக்காவிட்டால் தைத்ததையே வெட்டி, திருப்பி, மறுபடி சேர்க்கலாம். முடிவு தையலுக்குப் பின்னாலும் வரலாம்.

கர்நாடகத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுப்போர்வை வேறு விதம், எனக்கு மிகவும் பிடித்த விதம். அடியில் பழைய சேலையை விரித்து, ஒரு மூலையிலிருந்து தொடங்கி, துண்டுகளின் ஓரத்தை மடித்து வைத்து ஓட்டுத்தையலாலேயே அடித்துணியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, விளிம்பைச் சுற்றி வந்து நடுவை நோக்கிப் போகிறார்கள். ஒட்டுவது, அடுக்குகளைப் பிணைப்பது, விளிம்பு கட்டுவது எல்லாம் ஒரே தையலில் முடிகின்றன. மூலைகளில் முக்கோணமாக மடித்த சிறு துணிகளை வைக்கிறார்கள். அளவுகோல் கையில் இல்லாமலே நேர்த்தி வருகிறது. இதில் ஒரு துண்டு மற்றொன்றின் மேல் சற்று ஏறி அமர்வதால் மூலைக்கு மூலை பொருந்த வேண்டிய கட்டாயமே இல்லை. ஆனால் முழுப் போர்வையையும் பரப்பிப் பார்த்து மாற்றிவைக்கும் வசதி கிடையாது. வைத்த துண்டு வைத்ததுதான். அடுத்த துண்டால் அதற்குப் பதில் சொல்லலாம்.

மேல்துணி முடிந்த பின் பஞ்சு அடுக்கும் அடித்துணியும் சேர்த்துத் தைக்கும் வேலை, கவந்தி தவிர மற்ற எல்லாவற்றுக்கும் மிச்சமிருக்கிறது. அடிக்கடி துவைக்கும் போர்வைக்கு மெஷின் தையல் போதும்.

நிறத்தில் உங்களுக்குத் தீர்மானமான விருப்பம் இருந்தால் அளந்த கட்டத்தை எடுங்கள். பிடித்த ஒரு மாதிரியையே வைத்துக்கொண்டு வெளிர், அடர் இடங்களை மட்டும் மாற்றுங்கள். துணியில் அச்சிட்ட பூவும் பறவையும்தான் உங்களை ஈர்க்கிறது என்றால் காகித அச்சு. மறைந்தவரின் சட்டை, குழந்தையின் பழைய உடுப்பு போன்றவற்றில் தைப்பதானால் மூன்றாவது வழியையே சொல்வேன். அந்தத் துணிகள் ஒரே கனத்தில் இருக்காது, ஒரே அளவில் கிடைக்காது. கால் அங்குலக் கணக்குக்காகச் சட்டைப் பையை வெட்டி எறிய மனம் வராது. பையோடு, பொத்தான் துளையோடு அப்படியே வைத்துத் தைக்கலாம்.

நான் இப்போது தைப்பது லாக் கேபின். 32 கட்டங்கள் முடிந்து தரையில் கிடக்கின்றன. நாள்தோறும் காலையில் சிலவற்றைத் திருப்பிவைத்துப் பார்க்கிறேன். இன்னும் நான்கு கட்டங்கள் பாக்கி. பட்டைகளை வெட்டிவிட்டேன், நடுச் சதுரங்களுக்கு மட்டும் இன்னும் துணி வெட்டவில்லை.