தனியாக மொழிபெயர்ப்பவருக்கு எது பொருந்தும்: சொந்தப் பெயரா, எல்எல்பியா, ஓபிசியா?

சென்னையில் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பவர்கள் பெரும்பாலும் சொந்தப் பெயரில்தான் பில் போடுகிறார்கள். சட்டத்தின் கணக்கில் அது தனி உரிமைத் தொழில். தொடங்கப் பதிவு வேண்டாம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவும் கட்டாயமில்லை. வேண்டாமென்றால் நிறுத்திவிடலாம், யாருக்கும் மனு எழுத வேண்டியதில்லை.

பயம் ஒன்றுதான். மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் குறிப்பில் மில்லிகிராம் மாறிப்போய் வாடிக்கையாளர் நஷ்டஈடு கேட்டால், வீடு, சேமிப்பு வரை கை வைக்கலாம். தொழிலின் கடன் சொந்தச் சொத்தைத் தொடாதபடி கம்பெனி மாதிரி ஒன்றை ஆரம்பிக்கும் யோசனை இங்கேதான் பிறக்கிறது.

எல்எல்பி என்பது பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனம். 2008 சட்டப்படி வந்த இதற்கு இரண்டு பங்குதாரர்கள் வேண்டும். தனி ஆள் என்றால் அம்மாவையோ மனைவியையோ பெயருக்குச் சேர்ப்பார்கள். அரசுக்குத் தர வேண்டிய ஆண்டுப் படிவம் தவறினால் அவர்களுக்கும் அபராதம் வரும் என்பதால் எனக்கு இந்த ஏற்பாடு பிடிப்பதில்லை. வரவு 40 லட்சத்தையும் முதலீடு 25 லட்சத்தையும் தாண்டாதவரை தணிக்கை தேவையில்லை என்பது நல்ல சலுகை. ஆனால் லாபத்தில் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீத வரி. தனிநபருக்குப் புதிய வரிமுறையில் 12 லட்சம் வருமானம் வரை வரியே இல்லை என்பதோடு சேர்த்துப் பாருங்கள். பங்குதாரர் சம்பளமாக எடுத்து லாபத்தைக் குறைக்கலாம், அதற்கும் வரம்பு உண்டு.

ஓபிசி என்பது ஒரே ஆள் நடத்தும் கம்பெனி. 2013 கம்பெனிச் சட்டம் கொண்டுவந்த இதற்கு ஒருவர் போதும், கூட அவர் இறந்தால் பொறுப்பேற்க ஒரு நாமினி. வரி 22 சதவீதத்தைத் தேர்ந்தெடுத்தால், அதன் மேல் போடும் சர்சார்ஜ், செஸ் என்ற கூடுதல் வரிகளும் சேர்ந்து 25 சொச்சம். வரவு எவ்வளவு சின்னதானாலும் தணிக்கை உண்டு. ஆண்டுப் படிவம் தாமதமானால் ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு கிடையாது. வேலை வராத வருடத்திலும் ஆடிட்டருக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

இரண்டுக்குமே பதிவு முகவரி வேண்டும். வாடகை வீடென்றால் ஹவுஸ் ஓனரிடம் ஆட்சேபணை இல்லை என்று கடிதமும் கரண்ட் பில் நகலும் வாங்க வேண்டும். கடை ரேட்டில் கரண்ட் பில் வந்துவிடுமோ என்று அவர் தயங்குவார். வேளச்சேரியானாலும் மயிலாப்பூரானாலும் இதே கதைதான்.

அப்புறம், இவ்வளவு செலவழித்து வாங்கும் கவசத்திலும் ஓட்டை இருக்கிறது. பங்குதாரர் தானே செய்த தவறுக்குத் தானே பொறுப்பு என்று எல்எல்பி சட்டமே சொல்கிறது. ஓபிசியில் கடன் வாங்கப் போனால், வங்கி பெரும்பாலும் உங்கள் சொந்த ஜாமீனைக் கேட்கும்.

ஆகவே என் கட்சி தனி உரிமைதான். ஒப்பந்தத்தில் இழப்பீடு அந்த வேலைக்கான கட்டணத்தைத் தாண்டாது என்று ஒரு வரி கேட்டு வாங்குங்கள். மருந்து, காப்புரிமை மாதிரி வேலை எடுத்தால் வேலையில் வரும் தவறுக்கான நஷ்டஈட்டை ஏற்கும் தொழில்முறை இழப்பீட்டுக் காப்பீடு போடுங்கள். உதயம் என்ற சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு இலவசம், அதையும் செய்துவிடுங்கள். அது இருந்தால், இங்குள்ள நிறுவனங்கள் 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் வட்டியோடு கேட்க வழி இருக்கிறது.

கம்பெனிக்குத்தான் வேலை தருவோம் என்று பெரிய வாடிக்கையாளர் அடம்பிடித்தால் ஓபிசி. எல்எல்பி, உண்மையாகவே இரண்டு பேர் சேர்ந்து உழைத்தால் மட்டும்.