கணவாய் ஓட்டில் வார்த்த வெள்ளி என்று நம்பி ஏமாந்தேன்

கடலையும் கரையையும் மனதில் வைத்துக் கையால் செய்த நகை என்றால் ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள். இணையத்தில் வாங்கிய ஒரு பதக்கத்தில் நான் ஏமாந்துவிட்டேன். பணத்துக்கான முறையீடு இன்னும் முடியாததால் விற்றவரின் பெயரைப் போடவில்லை.

அலை வடிந்த மணலில் கிடக்கும் வரிகளைப் போன்ற பதக்கம் அது. "925 வெள்ளி, கணவாய் ஓட்டில் வார்த்தது, இதைப் போல இன்னொன்று கிடையாது" என்று எழுதியிருந்தார்கள் (925 என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி). அந்தக் கடைசி வரிக்காகத்தான் வாங்கினேன். கணவாய் ஓட்டு வார்ப்பு எனக்கு அவ்வளவு பிடிக்கும். கணவாய் மீனின் உடலுக்குள் இருக்கும் மென்மையான வெள்ளை ஓட்டை இரண்டாக அறுத்து, உட்பக்கத்தைத் தேய்த்துச் சமமாக்கி, உருவத்தைக் குடைவார்கள். அப்புறம் மெல்லிய தூரிகையால் தூளைத் தள்ளும்போது ஓட்டின் அடுக்குகள் வரிவரியாக எழும்பி நிற்கும். உருக்கிய வெள்ளியை ஊற்றினால் அந்த வரிகள் அப்படியே பதிந்துவிடும். சூட்டில் ஓடு கருகிவிடுவதால் பெரும்பாலும் ஓர் ஓட்டுக்கு ஒரு வார்ப்புதான்.

பதக்கம் வந்தபோது சந்தேகமே வரவில்லை. பின்பக்கம் 925 முத்திரை இருந்தது. மூன்று வாரம் தினமும் போட்டுக்கொண்டேன். என் கழுத்தில் பார்த்துவிட்டுத் தங்கையும் அதே இடத்தில் ஒன்று வாங்கினாள்.

இரண்டையும் அருகருகே வைத்தோம். வரிகள் ஒத்திருந்தன. சரி, ஒரே கையின் வேலை, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். தங்கைதான் விரல் வைத்துக் காட்டினாள். கீழிருந்து நான்காவது வரி ஓரிடத்தில் அறுந்து, அங்கே அரைக் கடுகு அளவுக்கு ஒரு குழி. என்னுடையதிலும் அதே இடத்தில் அதே குழி. அதிலிருந்து இடப்பக்கம் இறங்கும் மயிரிழைக் கீறல்கூட இரண்டிலும் இருந்தது. வார்க்கும்போது தானாக விழும் குறை இரண்டு துண்டுகளில் இப்படி விழாது. ஓர் அசலிலிருந்து ரப்பர் அச்சு எடுத்து, மெழுகுப் பிரதிகள் செய்து, மொத்தமாக வார்த்திருக்கிறார்கள். அச்சில் வார்ப்பது தவறில்லை. நல்ல கலைஞர்கள் பலர் அதைச் சொல்லியே விற்கிறார்கள். இன்னொன்று கிடையாது என்று சொல்லி விற்றதுதான் மோசடி.

அதோடு நிற்கவில்லை. சங்கிலி உரசும் இடத்தில் மஞ்சள் தெரிய ஆரம்பித்தது. நகை செய்யும் நண்பர் ஒருவர் எடை போட்டுப் பார்த்தார். பதக்கம் 12.41 கிராம். தராசின் மேல் தண்ணீர்க் குவளையை வைத்து, எடையைப் பூஜ்யமாக்கி, பதக்கத்தை நூலில் கட்டி அடியைத் தொடாமல் மூழ்கவிட்டார். தராசு 1.46 காட்டியது. 12.41-ஐ 1.46-ஆல் வகுத்தால் 8.5, பித்தளையின் அடர்த்தி. 925 வெள்ளியாக இருந்திருந்தால் 10.3-க்கு மேல் வந்திருக்க வேண்டும். கல் பதித்த நகைக்கும் உள்ளே கூடான நகைக்கும் இந்தக் கணக்கு சரிவராது. காந்தத்தை வைத்துப் பார்த்தும் பயனில்லை, வெள்ளியும் ஒட்டாது, பித்தளையும் ஒட்டாது. முத்திரையை எந்த உலோகத்திலும் அடிக்கலாம் என்பதையும் அன்றுதான் புரிந்துகொண்டேன்.

படங்களோடு விற்றவருக்கு எழுதினேன். கைவேலை என்றால் சிறு குறைகள் இருக்கும், கைவேலைப் பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று பதில் வந்தது. இரண்டு பதக்கங்களிலும் ஒரே குறை எப்படி வந்தது என்று கேட்டேன். அதற்கப்புறம் பதிலே இல்லை.

இப்படி ஒன்றை வாங்கும் முன், வார்த்து முடித்ததும் பிளந்து எடுத்த கருகிய ஓட்டோடு அந்த நகையின் படத்தைக் கேளுங்கள். கையால் செய்கிறவர் மகிழ்ச்சியோடு அனுப்புவார். பின்பக்கத்தையும் நெருக்கத்தில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதே வடிவத்தை வாங்கியவர்கள் போட்ட படங்கள் இருந்தால், வடிவத்தை விட்டுவிட்டுக் குழிகளையும் கீறல்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பூச்சு தேய ஒரு மாதம்கூட ஆகலாம், அதனால் திருப்பி அனுப்பும் கெடுவுக்குள்ளேயே எடை போட்டுவிடுங்கள்.

இன்று காலையும் போய்ப் பார்த்தேன். அந்தப் பதக்கம் இன்னும் விற்பனையில் இருக்கிறது, அதே மூன்று வாசகங்களோடு. படத்தைப் பெரிதாக்கினால் நான்காவது வரியில் அந்தக் குழி தெரிகிறது.