குடியை நிறுத்த எங்கே போவது: அரசு மருத்துவமனையா, மறுவாழ்வு மையமா, ஏஏ கூட்டமா?

வீட்டில் ஒருவர் குடியால் சீரழியும்போது சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு இடம் சொல்வார்கள். ஒருவர் ஜி.எச். என்பார். இன்னொருவர் வேன் அனுப்பி ஆளைத் தூக்கிக்கொண்டு போகும் மையத்தின் நம்பரைக் கொடுப்பார். கோயிலில் கயிறு கட்டினால் போதும் என்பார் மற்றொருவர். தமிழ்நாட்டில் இருக்கும் இந்த வழிகளை நான் இரண்டு கேள்விகளை வைத்துத்தான் எடைபோடுவேன். குடியை நிறுத்தும் முதல் வாரத்தில் உயிருக்குப் பாதுகாப்பு உண்டா? வீடு திரும்பிய பிறகு அவருக்கும் குடும்பத்துக்கும் யார் துணை?

முதல் கேள்வியில் அரசு மருத்துவமனைக்குத்தான் என் ஓட்டு. வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், தூக்கம் போய்விடும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்கு இடமும் நேரமும் குழம்பிவிடும்; சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், இல்லாத ஆளோடு பேசுவார்கள். இந்த நிலையைக் கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். அதனால்தான் அறையில் பூட்டிவைத்துக் குடியை நிறுத்துவது என்ற யோசனையே கூடாது.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் டாக்டர் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி நடுக்கத்தைப் பார்ப்பார். இன்று என்ன கிழமை என்று கேட்பார். அதற்கேற்ப டயஸிபாம், குளோர்டயஸிபாக்சைடு போன்ற மாத்திரைகளைத் தொடங்கி நாளுக்கு நாள் குறைப்பார்கள். தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் உண்டு. அது தவறினால் நினைவாற்றல் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். மஞ்சள்காமாலை, ரத்த வாந்தி என்று ஏதாவது சேர்ந்துகொண்டால் அதே வளாகத்தில் மற்ற டாக்டர்களும் இருக்கிறார்கள். இத்தனைக்கும் செலவு கிடையாது. சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது.

குறை எங்கே என்றால், இரண்டாவது கேள்வியில். ஓ.பி.யில் கூட்டம் அலைமோதும். மனைவியை உட்காரவைத்து அரைமணி நேரம் பேச டாக்டருக்கு நேரம் இருக்காது. உடம்பு தேறியதும் டிஸ்சார்ஜ். திரும்பி வரும் வழியிலேயே டாஸ்மாக் இருக்கிறது.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் தொண்டு நிறுவனங்கள் வந்தன. சென்னை இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. மருத்துவமனையை நடத்தும் அறக்கட்டளையை 1980-ல் தொடங்கியவர் சாந்தி ரங்கநாதன். குடிநோயால் கணவரை இழந்தவர் அவர். 1992-ல் பத்மஸ்ரீ பெற்றார். குடிப்பவருக்கு ஒரு சிகிச்சை என்றால் வீட்டாருக்கும் தனியாக ஒரு சிகிச்சை வேண்டும் என்பதை அங்கே ஆரம்பத்திலிருந்தே கடைப்பிடிக்கிறார்கள். பல வருடம் பயத்திலேயே வாழ்ந்த மனைவிக்கும், கடன்காரருக்குப் பொய் சொல்லிப் பழகிய அம்மாவுக்கும் பேச ஓர் இடம் கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் ஒரு மாத அளவில் வேலையை விட்டு, ஊரை விட்டு வந்து தங்குவது தினக்கூலிக் குடும்பத்துக்குச் சுலபம் இல்லை. மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் உதவியோடு மாவட்டங்களில் இயங்கும் மறுவாழ்வு மையங்களையும் விசாரித்துப் பாருங்கள்.

தனியார் மையங்களில்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். நல்லவையும் இருக்கின்றன. அடித்து, கட்டிப்போட்டு, மாதக்கணக்கில் வீட்டாரைப் பார்க்கவிடாமல் வைத்திருக்கும் இடங்களும் இருக்கின்றன. 2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி இத்தகைய மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சங்கிலியால் கட்டுவதற்குத் தடை உண்டு. சம்மதம் இல்லாமல் ஒருவரைச் சேர்க்க இரண்டு பேர் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும்; அதில் ஒருவர் மனநல மருத்துவராகவும், மற்றவர் மனநல நிபுணராகவோ டாக்டராகவோ இருக்க வேண்டும். அப்படிச் சேர்த்தாலும் முதல் கட்டத்தில் 30 நாள்தான். ஆகவே பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள், டாக்டர் எந்தெந்த நாள் வருகிறார், ராத்திரி வலிப்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். மூன்று மாதம் பார்க்க வரக்கூடாது என்று சொல்லும் இடத்தில் யாரையும் விடாதீர்கள்.

ஏஏ எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-ல் அமெரிக்காவில் தொடங்கியது. இன்று தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன. டாக்டர் இல்லை, மாத்திரை இல்லை, கட்டணமும் இல்லை. ஒரு ஸ்கூல் அறையிலோ சர்ச் ஹாலிலோ நாற்காலி போட்டு உட்காருவார்கள். ஒவ்வொருவராக எழுந்து பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தன் கதையைப் பேசுவார்கள். குடியிலிருந்து மீண்ட ஒருவர் சொல்லும்போது மட்டும் காது கொடுக்கிற பிடிவாதக்காரர்கள் நிறைய. முதல் வார ஆபத்தைச் சமாளிக்க ஏஏ-வால் முடியாது, அது அவர்கள் வேலையும் இல்லை. ஆனால் பத்து வருடம் கழித்தும் கதவு திறந்திருக்கும் இடம் என்றால், என் கணக்கில் ஏஏ-தான் முதலில் வரும். கடவுள் பேச்சு வருகிறதே என்று சிலர் ஒதுங்குவதுண்டு. அவரவர் நம்புவதை வைத்துக்கொள்ளலாம் என்றுதான் அங்கே சொல்வார்கள்.

அதே வழியில் 1951-ல் வந்தது அல்-அனான், குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்குமானது. கணவர் சிகிச்சைக்கு வர மறுத்தாலும் மனைவி மட்டும் போகலாம். இந்தக் குடிக்கு நான் காரணம் இல்லை, என்னால் இதைக் கட்டுப்படுத்தவும் முடியாது என்று ஒரு பெண் முதன்முதலாக நம்பத் தொடங்குவது பெரும்பாலும் இங்கேதான். சென்னைக்கு வெளியே குழுக்கள் குறைவாக இருப்பது வருத்தம்.

கயிறு கட்டுவதும் மாலை போடுவதும் சிலரை 48 நாள் நிறுத்தி வைக்கின்றன. அந்த நாட்களை டாக்டரைப் பார்க்கப் பயன்படுத்திக்கொண்டால் நல்லது. ஆனால் சாம்பாரில் தெரியாமல் மாத்திரை கலப்பது வேண்டவே வேண்டாம். அப்படிக் கலக்கப்படும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, ஆள் சாகும் நிலைக்குப் போகலாம். அவருக்குத் தெரிந்து, டாக்டர் மேற்பார்வையில் மட்டுமே அதைத் தர வேண்டும்.

மகன் கஞ்சாவில் மாட்டியிருந்தால் போலீஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்கே போகாத பெற்றோர் உண்டு. போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவு வழக்கில் சிக்கிய ஒருவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது. வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள், சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லையா? 14446, தேசிய போதை மீட்பு உதவி எண், கட்டணம் இல்லை. மனம் உடைந்து போயிருந்தால் 14416 என்ற மனநல உதவி எண். வீட்டார் மட்டும் பேசினாலும் போதும். எத்தனை வருடமாக, ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறார், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்ற மூன்றையும் குறித்து வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். வலிப்பு வந்ததுண்டு என்றால் வேறு எங்கும் அலையாமல் நேராக ஜி.எச். போங்கள்.