'கமர்ஷியல் யூஸ்' என்று போட்டிருந்ததை நம்பினேன், 47,600 ரூபாய் போச்சு

நேற்று ராத்திரி 11 மணிக்கு, நான் படம் வாங்கிய இணையதளத்திலிருந்து கடைசி மெயில் வந்தது. "உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது." ஒரே வரி. அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். டி-ஷர்ட், மக், டைரி, கல்யாணப் பத்திரிகை என்று எதிலாவது படம் அடித்து விற்கிறவர்கள், இணையத்தில் காசு கொடுத்துப் படம் வாங்குவதற்கு முன்னால் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

திருப்பூரில் குழந்தைகள் டி-ஷர்ட் செய்கிறேன். வீட்டை ஒட்டி நான்கு மெஷின், மற்றதெல்லாம் ஜாப் ஒர்க், அதாவது வெளியே கூலிக்குக் கொடுத்துச் செய்வது. பெங்களூரில் ஒரு குழந்தைகள் துணிக்கடை 400 பீஸ் கேட்டது. பீஸ் 145 ரூபாய், டிசைன் நாம்தான் தர வேண்டும். வழக்கமாக எனக்கு வரைந்து தரும் தம்பி ஊரில் இல்லை. நாள் குறைவு. அதனால் டிஜிட்டல் படங்கள் விற்கும் ஒரு தளத்துக்குப் போனேன். ஓவியர்கள் வரைந்ததை வாங்கித் தொகுப்பு தொகுப்பாக விற்கும் தளம். பெயர் போடவில்லை. இந்த மாதிரித் தளங்கள் நிறைய இருக்கின்றன, எதில் வாங்கினாலும் இதே கதை நடக்கலாம்.

அங்கே ஒரு யானைக்குட்டியைப் பார்த்தேன். தும்பிக்கையில் சிவப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு, தேங்கின தண்ணீரில் முன்னங்காலை நனைத்துக்கொண்டு நிற்கும். நான்கே கலர். எங்கள் வேலைக்கென்றே வரைந்தது போல இருந்தது. 60 படங்கள் கொண்ட தொகுப்பு 3,600 ரூபாய். விலைக்குப் பக்கத்திலேயே பச்சைக் கட்டத்துக்குள் 'கமர்ஷியல் யூஸ் உண்டு', அதாவது வியாபாரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று எழுதியிருந்தது.

அதை மட்டும் நம்பி நான் வாங்கவில்லை. இதைத்தான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கத்திலேயே இருந்த சாட்டில் கேட்டேன். "இந்தப் படத்தை டி-ஷர்ட்டில் அடித்துக் கடைக்கு விற்பேன், செய்யலாமா?" இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. "கண்டிப்பா மேடம், ஃபுல் கமர்ஷியல் யூஸ் இருக்கு, தாராளமா பண்ணுங்க." கூடவே ஒரு கைகூப்பும் படம். அந்த 'தாராளமா'வைப் பார்த்துத்தான் பணம் கட்டினேன்.

யானைக்குட்டியோடு இன்னும் இரண்டு படங்களை எடுத்துக்கொண்டு பிரிண்டிங் யூனிட்டுக்குப் போனேன். அந்த யூனிட் அண்ணன் முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறவர். படத்தைப் பார்த்ததும், "அம்மணி, இதுக்கு லைசென்ஸ் எல்லாம் இருக்குதுங்களா?" என்று கேட்டார். "காசு கொடுத்து வாங்கினதுங்ணா, கேட்டுட்டுத்தான் வாங்கினேன்" என்று சாட்டைக் காட்டினேன். "அப்பச் சரிங்க அம்மணி" என்று ஃபிரேம் போட ஆரம்பித்தார். கலருக்கு ஒரு அச்சு ஃபிரேம் என்று மூன்று படத்துக்கும் 12 ஃபிரேம். வெட்டின துணியில் குடையின் சிவப்பு கடைசியாக விழுந்தபோது அவ்வளவு அழகாக இருந்தது.

துணி, கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் எல்லாம் சேர்த்துப் பீஸுக்கு 85 ரூபாய், 400 பீஸுக்கு 34,000. பிரிண்டிங் பீஸுக்கு 25, அது 10,000. தொகுப்புக்கு 3,600. மொத்தம் 47,600 ரூபாய்.

சரக்கு ரெடி என்று சொன்னதும் பெங்களூர் கடையிலிருந்து டிசைன் லைசென்ஸ் நகல் கேட்டார்கள். இதற்கு முன் ஏதோ ஒரு கார்ட்டூன் விஷயத்தில் அவர்களுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது, அதனால் இப்போது எல்லாரிடமும் கேட்கிறார்களாம். அவர்களைத் தப்புச் சொல்ல மாட்டேன். தொகுப்போடு வந்த ஜிப் ஃபைலுக்குள் ஒரு பிடிஎஃப் இருந்தது. அதை அன்றைக்குத்தான் திறந்தேன்.

ஏழு பக்கம். நான்காம் பக்கத்தில் இருந்தது அந்த வரி. சாதாரண லைசென்ஸில் படத்தை விளம்பரம், போஸ்டர், வெப்சைட் இதற்கெல்லாம் பயன்படுத்தலாம். ஆனால் படத்துக்காகவே மக்கள் வாங்கும் பொருளில், அதாவது டி-ஷர்ட், மக், ஸ்டிக்கர் போன்றவற்றில் அச்சிட்டு விற்கக் கூடாது. அதற்கு 'எக்ஸ்டெண்டட் லைசென்ஸ்' தனியாக வாங்க வேண்டும். ஒரு படத்துக்கு 21,000 ரூபாய். மூன்று படத்துக்கு 63,000. என் மொத்தச் சரக்கின் விற்பனையே 58,000 ரூபாய்தான்!

இரண்டுமே வியாபாரம்தானே என்று எனக்கு இருந்த நினைப்புதான் உங்களில் பலருக்கும் இருக்கும். நம் கடைக்கு விளம்பரம் செய்ய ஒரு படத்தைப் போடுவது வேறு, அந்தப் படத்தையே சரக்காக்கி விற்பது வேறு என்று இந்தத் தளங்கள் பிரித்து வைத்திருக்கின்றன. பிரிக்கட்டும், வரைந்தவருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் டி-ஷர்ட் என்று பெயர் சொல்லிக் கேட்டவளுக்கு 'தாராளமா' என்று ஏன் சொன்னார்கள்?

அப்புறம் நடந்த அலைக்கழிப்பு. முதல் மெயிலுக்கு, "டிஜிட்டல் பொருளுக்குப் பணம் திருப்பித் தரப்பட மாட்டாது" என்று தானியங்கிப் பதில். சாட் படத்தை இணைத்து இரண்டாவது மெயில் போட்டேன். "சாட்டில் பேசியவர் விற்பனைப் பிரிவு, லைசென்ஸ் பற்றிச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை, பிடிஎஃப்பில் இருப்பதே இறுதி" என்றார்கள். காசு வாங்க மட்டும் அவருக்கு அதிகாரம் இருந்ததா? ஓவியரிடமே நேரில் பேசி ஒரு நியாயமான தொகைக்கு அனுமதி வாங்கிக்கொள்கிறேன், தொடர்பு கொடுங்கள் என்று கெஞ்சினேன். தர முடியாதாம். போன் செய்தால் பாட்டு ஓடுகிறது, 20 நிமிடத்தில் தானாகக் கட்டாகிறது. ஒரே ஒரு தடவை ஒரு பெண் எடுத்து, "உங்க கஷ்டம் புரியுது மேடம், அடுத்த பர்ச்சேஸுக்கு 10 சதவீதம் கூப்பன் தரோம்" என்றார். 47,600 ரூபாய் போட்டுவிட்டு நிற்கிறவளுக்குக் கூப்பன்! நேற்று ராத்திரி அந்த ஒரு வரி.

"400 பீஸ்தானே, சந்தையில் தள்ளிவிடு, யாருக்குத் தெரியப் போகிறது" என்று வீட்டிலேயே சொன்னார்கள். ஒரு வக்கீலிடம் கேட்டேன். 1957 பதிப்புரிமைச் சட்டத்தில், அதாவது காப்பிரைட் சட்டத்தில், 63-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. தெரிந்தே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். அந்த நான்காம் பக்கத்தைப் படித்த பிறகு எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. சட்டத்தை விடுங்கள், அந்தக் குடையை வரைந்தவரும் என்னைப் போல வேலை செய்து பிழைக்கிறவர்தான். அவர் வயிற்றில் அடிக்க மனசு வரவில்லை.

விவரமாக எழுத வேண்டும் என்றுதான் நினைத்தேன், நேரமில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். 'கமர்ஷியல்' என்ற ஒரு வார்த்தையைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். லைசென்ஸ் முழுதும் வாங்குவதற்கு முன்பே படிக்கக் கிடைக்கிறதா என்று பாருங்கள், கிடைக்காவிட்டால் வாங்க வேண்டாம். விற்கும் பொருளில் அச்சிடலாமா, எத்தனை பீஸ் வரை என்ற இரண்டையும் அதில் தேடுங்கள். சாட் பதில் போதாது. பதிப்புரிமை லைசென்ஸ் எழுத்தில் இருக்க வேண்டும், அதையும் உரிமை உள்ளவரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோதான் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 30-ஆம் பிரிவு சொல்கிறதாம். வரைந்தவர்களே சில நிபந்தனைகளோடு எல்லோருக்கும் இலவசமாக விடும் கிரியேட்டிவ் காமன்ஸ் படங்களின் லைசென்ஸில் 'என்சி' (NC) என்ற எழுத்துகள் இருந்தால் வியாபாரத்துக்கு ஆகாது, 'என்டி' (ND) இருந்தால் படத்தை மாற்றி வெளியிடக் கூடாது. எழுத்துருவுக்கும் தனி லைசென்ஸ் உண்டு. ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் வருபவற்றைத் துணியில் அச்சிட்டு விற்கலாம், அதில் பயமில்லை.

ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். 2020 இ-காமர்ஸ் விதிப்படி இந்தத் தளங்களின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று மறுப்பார்கள். சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர்களுக்கு அதில் விலக்கு உண்டு, விடாதீர்கள்.

நான் இன்று காலையில் புகார் பதிந்துவிட்டேன். 400 பீஸும் ஏழு அட்டைப் பெட்டியில் மெஷின் பக்கத்திலேயே இருக்கிறது. 1915-இலிருந்து என்ன பதில் வருகிறதோ அதை இங்கேயே எழுதுகிறேன்.